அந்தப் பஸ்ஸிலிருந்து நான் இறங்கவில்லை

ரத்தினவேலு,

நம் பாஷைக்கு எழுத்து கிடையாது. அதனால் உன்னைத் திட்டுவதற்குக்கூட நான் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது. நம் பாஷையில் என்றால் இன்னும் கொஞ்சம் நன்றாகத் திட்டியிருப்பேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ரெக்கார்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். நீ வெளிநாடு போகும் விஷயம் எனக்கு உன் வாயால் வரவில்லை. நான் சத்துணவு சமைக்கிற பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்தான் செல்போனை நீட்டி, "ஒங்க மகன் ஆஸ்திரேலியா போறாராமே, அந்த நாட்டு ஆதிகுடி ஜனங்களோட சேந்து பாடப் போறாராமே" என்றார். "ஆமாங்க டீச்சர், தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பருப்பை அடுப்பில் ஏற்றினேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அங்கே எந்தப் பாட்டைப் பாடப் போகிறாய் என்றும் அதில் போட்டிருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியிலேயே "புரிஞ்சிருச்சும்மா" என்று எழுந்து போகாதே. பாதியில் உனக்கு எதுவும் புரிந்ததில்லை.

உன் தலைமுடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போன நாளில் தினமும் காலையில் உன்னை மடியில் இழுத்துப் போட்டு, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, வகிடு எடுத்துச் சீவி அனுப்புவேன். நீ கத்துவாய், நான் விட மாட்டேன். நரிக்குறவர் பிள்ளை என்றாலே தலை சிக்குப் பிடித்திருக்கும் என்று வாத்தியார்கள் முதலில் தலையைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பேச ஒரு காரணம் கிடைக்கக் கூடாது என்று நான் சீவிய சீவலில் உன் மண்டையே தேய்ந்திருக்கும். நீ என்ன செய்தாய்? மெட்ராஸில் ஒரு கடையில் போய் உட்கார்ந்து, பணம் கொடுத்து, சிக்கு வைத்துக்கொண்டு வந்தாய். "ரெகேன்னு ஒரு பாட்டு இருக்கும்மா, அதப் பாடுறவங்க இப்பிடித்தான் வச்சிருப்பாங்க" என்றாய். உன் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம தாத்தா இத ஓசியில வச்சிருந்தாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் நிற்கிறது.

அடுத்தது பேர். ரத்தினவேல் என்று நல்ல பேர் வைத்தோம். அதை விட்டுவிட்டுக் 'கவுதாரி' என்று போஸ்டரில் போட்டுக்கொள்கிறாய். நம் ஆட்கள் கண்ணி வைத்துப் பிடித்துச் சந்தையில் விற்ற பறவை அது. இப்போது பஸ் ஸ்டாண்டில் போகும்போது, "அங்க பாரு, கவுதாரியோட அம்மா" என்கிறார்கள். நான் என்ன முட்டையா போட்டேன்?

பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. முதல்முறை நீ கிடாரோடு வந்து, "சோலும் ரெகேயும் கலந்து பண்றேம்மா" என்றபோது, செருப்புக்கு அடியில் போடுகிற சோலா என்று கேட்டேன். நீயும் உன் சிநேகிதர்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்புறம் நீ, "ஆத்மான்னு அர்த்தம்மா. கறுப்பு ஜனங்க கோயில்ல பாடுன பாட்டுலேர்ந்து வந்தது" என்று சொல்லி, ஒரு பெண் பாடியதைப் போட்டுக் காட்டினாய். அந்தப் பெண்ணுக்கு வார்த்தை தீர்ந்துபோன பிறகும் குரல் தீரவில்லை. நம் காலனியில் காளிக்குப் பூஜை போடும்போது உன் சின்னத் தாத்தா இப்படித்தான் பாடுவார் என்றேன். நீ அன்றைக்கு அதைக் காதில் வாங்கிக்கொண்டாய். கேட்கிற காது உனக்கு ஒருகாலத்தில் இருந்தது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். ரெகே எனக்கு முதலில் பிடிபடவில்லை. தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழுகிறது. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் இல்லாமல் போவது மாதிரி. பாத்திரம் தேய்க்கும்போது கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. கடைசி பெஞ்சைப் பற்றி நம் பாஷையிலேயே பாடினாயே, வகுப்பில் நம் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கிறதைப் பற்றி, அதைக் கேட்டுவிட்டு நான் சமையல் கட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

உன் போராட்டத்தையும் நான் குறை சொல்லவில்லை. மனைப்பட்டா கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நீ கிடாரோடு உட்கார்ந்தபோது, போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டார்கள். நான்தான் தூக்குச் சட்டியில் சோறு கொண்டு வந்தேன். ஆனால் அடுத்த நாள் ஏதோ சேனலில், "எங்க ஜனங்க இத்தன நாளா வாயத் தொறக்கல, நாங்கதான் மொதல்ல கேக்குறோம்" என்று சொன்னாய் பார், அதற்குத்தான் எனக்கு ஆத்திரம். நீ பால்குடி மறப்பதற்கு முன்பிருந்து நானும் உன் சித்தியும் திங்கட்கிழமை ஆனால் அதே வாசலில் மனுவோடு வரிசையில் நின்றிருக்கிறோம். ஜாதிச் சான்றிதழுக்கு நின்றோம், தண்ணீர்க் குழாய்க்கு நின்றோம். இன்றைக்குக் காலனியில் குழாய் இருக்கிறது என்றால் அது வானத்திலிருந்து வந்து நட்டுக்கொள்ளவில்லை. யாரும் வீடியோ எடுக்காததால் நாங்கள் வாயைத் திறக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சரி, பாட்டுக்கு வருகிறேன். நீ அங்கே பாடப் போகிற அந்த 'எறங்குனா' பாட்டு வந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அதையே போட்டுக் கேட்டார்கள். 'எறங்குனா எங்கம்மா எறங்குனா, கொதிக்கிற ரோட்டுல எறங்குனா.' நல்ல மெட்டு. யார் வீட்டுப் பொம்பளையையோ பாடுகிறாய் என்று நினைத்து நானும் முணுமுணுத்தேன். கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றபோதுதான் அது நான் என்று தெரிந்தது. அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். "நான் எறங்கலையேடா" என்றேன். "எனக்கு நல்லா நெனப்பு இருக்கும்மா. நீ ரோட்டுல நின்னு அழுதுக்கிட்டு இருந்த" என்றாய். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். இப்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். கேள்.

கட்டுமாவடியில் மீன் ஏலம் நடக்கிற பக்கம் நான் பாசிமணி, ஊசி, ஹேர்பின் விற்கப் போவேன். அங்கே பொம்பளைகள் கையில் காசு புழங்கும், வாங்குவார்கள். உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உன் அப்பா பழனிப் பக்கம் திருவிழாவுக்குப் போயிருந்தார். உனக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. கண்ணைத் திறக்காமல் கிடந்தாய். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று ஒரு பிரைவேட் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கருவேலங்காடு வருகிற இடத்தில் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினான். "ஏய், எறங்கு. நாத்தம் தாங்கலன்னு ஆளுங்க சொல்றாங்க" என்றான். நான் டிக்கெட்டைக் காட்டினேன். "காசத் தர்றேன், எறங்கு" என்றான். "புள்ளைக்கு மேலு சுடுது சாமி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன். நீ இப்போது மேடையில் 'சாமி' என்று சொல்லக் கூடாது என்று பேசுகிறாய். கடைக்காரன் சார் என்கிற மாதிரி அது எனக்குத் தொழில் பேச்சு. சாமி என்று சொன்னதால் நான் குனிந்துவிட்டேன் என்று நினைக்காதே. சாமி என்று சொல்லிக்கொண்டே முன்சீட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன், உன்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அவன் என் பையைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தான். நான் எழுந்திருக்கவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, அவள் இறங்கினால்தான் வண்டி போகும் என்றார். அப்போது வண்டியில் இருந்தவர்கள் கண்டக்டரைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார்கள். "எறங்கித் தொலையேன், ஒன்னால எல்லாருக்கும் நேரமாகுது" என்று வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தர் சொன்னார். நான் கம்பியை விடவில்லை.

பின்னால் ஒரு மீன் வியாபாரி இருந்தார். பாய். பேர் தெரியாது. அறந்தாங்கி மார்க்கெட்டுக்குக் கூடை ஏற்றியிருந்தார். கூடையிலிருந்து தண்ணீர் வடிந்து பஸ் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வந்து கண்டக்டரிடம் சத்தம் போடாமல் சொன்னார். "நாத்தம்னா என் கூடையத்தானப்பா மொதல்ல எறக்கணும். எறக்கு பாப்போம். எறக்கிட்டு நாளைக்கு எங்காளுங்க கூடைக் காசு இல்லாம இந்த ரோட்டுல வண்டி ஓட்டிருவியா?" கண்டக்டர் கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டிரைவர் அதற்குள் எஞ்சினைப் போட்டுவிட்டார். பாய் போய் என் பையை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். அறந்தாங்கியில் கூடையோடு இறங்கிப் போய்விட்டார். நான் புதுக்கோட்டை வரைக்கும் அதே சீட்டில் உட்கார்ந்து வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் ரோட்டோரம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தது அந்த நேரம்தான். நீ பார்த்தது நிஜம். அதற்கு முன்னால் நடந்தது நீ தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்தது. மற்றதை எல்லாம் நீயாகச் சேர்த்துக்கொண்டாய்.

காய்ச்சல்காரப் பிள்ளை தப்பாக நினைவு வைத்துக்கொண்டதற்கு நான் கோபப்படவில்லை. அதற்கு அப்புறம் நீ செய்ததற்குத்தான். குடுமியான்மலைக்குப் பக்கத்தில் வீடியோ எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாய். பாறையிலேயே சங்கீதம் வெட்டி வைத்த ஊரு, அங்கே நம் பாட்டை எடுக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போனால், அந்த டைரக்டர் பையன் என் காலைப் பார்த்துவிட்டு, "செருப்பக் கழட்டிருங்கம்மா" என்றான். "ஏன் தம்பி, பாறை சுடுதே" என்றேன். "அதுக்குத்தாம்மா" என்றான். கழுத்து நிறையப் பாசிமணியைப் போட்டுவிட்டார்கள். நான் விற்கிறவள், இத்தனை மணியை நான் எந்தக் காலத்தில் போட்டேன்? முந்தானை கிழிந்த சேலை ஒன்று வேறு கொண்டுவந்திருந்தார்கள். உன்னைப் பார்த்தேன். நீ அங்கிட்டுத் திரும்பிக் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கூட்டத்துக்கு முன்னால் அவமானப்படுத்த வேண்டாம் என்று வெறுங்காலோடு நடந்தேன். கொப்புளம் ஆறுவதற்குள் அதை எத்தனை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று நீ போன் செய்து சொன்னாய். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

அதனால்தான் டவுன் கச்சேரியில் நான் அப்படிச் செய்தேன். நீ நினைக்கிற மாதிரி திட்டம் போட்டு வரவில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு, காலனிப் பொம்பளைகளோடு சந்தோஷமாகத்தான் வந்து உட்கார்ந்தேன். நீ என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "அன்னைக்கு அந்தப் பஸ்ஸுலேர்ந்து எறக்கிவிட்டாங்களே, அந்த எங்கம்மா இவங்கதான்" என்றாய். அத்தனை ஜனமும் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா தேம்பித் தேம்பி அழுதார். நீ மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாய். நன்றி என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அந்தக் கம்பிதான் கைக்குள் இருந்த மாதிரி இருந்தது. "வணக்கம். என்னய யாரும் எறக்கல. நான் எறங்கல. டிக்கெட் வாங்கியிருந்தேன், புதுக்கோட்ட வரைக்கும் உக்காந்துதான் வந்தேன்" என்றேன். கூட்டத்தில் கொஞ்சப் பேர் சிரித்தார்கள். எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏதோ ஏமாற்றிவிட்டவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். உன் கை என் தோளிலிருந்து இறங்கியது எனக்குத் தெரிந்தது. அப்புறம் அந்தப் பாட்டைப் பாடினாய். அந்த வரி வந்தபோது நீ பாடாமல் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டாய்.

மறுநாள் காலையில் நீ பேசியதையும் எழுதிவிடுகிறேன், நான் எதையாவது மாற்றிச் சொன்னேன் என்று இருக்க வேண்டாம். "நீ எறங்குனாத்தாம்மா அது பாட்டு. எறங்கலன்னா அது வெறும் பஸ் சண்ட" என்றாய்.

"அது சண்டதான்டா" என்றேன்.

"ஜனங்க கேட்டு அழுவுறாங்கம்மா."

"அழுதுட்டு என்ன பண்றாங்க?"

"நெசமாவே எறக்கிவிட்டவங்க எத்தன பேரு இருக்காங்க. அவுங்களுக்கும் சேத்துத்தாம்மா பாடுறேன்" என்றாய். நீ சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு உறைத்தது. இருக்கிறார்கள்தான். உன் சித்தியையே மழையில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அவளிடம் போய் உட்கார்ந்து கேள். பாடலாமா என்று கேட்டுவிட்டு அவளைப் பாடு. இறங்கினவளுக்கும் ஒரு பேர் இருக்கிறது, இறங்காதவளுக்கும் ஒரு பேர் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டினால் எப்படி? அந்தப் பாயை எங்கே விட்டாய்? என் கஷ்டத்தை நீ பாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் ஜெயித்ததைப் பறித்துக்கொண்டு கஷ்டத்தை மட்டும் திருப்பிக் கொடுக்காதே. இதைச் சொன்னதும் நீ சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஊற்றி வைத்த தோசையை உன் அப்பா தின்றார்.

அன்றைக்குப் போனவன்தான். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கச்சேரிக்கு வந்திருந்த நம் காலனிப் பிள்ளைகள், மகளிர் காலேஜுக்கு டவுன் பஸ்ஸில் போகிறதுகளே, கல்பனாவும் அவள் கூட்டாளிகளும், சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, அந்தக் கதைய முழுசாச் சொல்லுங்க" என்று உட்கார்ந்தார்கள். சொன்னேன். கம்பியை எப்படிப் பிடித்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். பாய் என்ன சொன்னார், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று ஒருத்தி கேட்டாள். அவர்களில் ஒருத்தியை இந்த வருஷம்கூட ஒரு கண்டக்டர் சீட்டிலிருந்து எழுப்பியிருக்கிறான். எழுந்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் புத்தி சொல்லவில்லை. கையில் மணி கோர்க்கக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் பாசி கோர்த்துக்கொண்டே உன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாளம் தள்ளி விழுகிற இடத்தில் சரியாகக் கை தட்டினார்கள், உன் ஆட்களைவிட நன்றாக. ஆனால் வார்த்தை வேறாக இருந்தது. 'எறங்கல எங்கம்மா எறங்கல, எஞ்சினே நின்னாலும் எறங்கல.' அடுத்து மீன் கூடைக்கு ஒரு அடி. வெள்ளை வேட்டிக்காரருக்கு ஒரு அடி, அதைக் கடிதத்தில் எழுத முடியாது. உன் சித்தியும் கூட உட்கார்ந்து, மழையில் தான் இறங்கியதைத் தன் குரலில் ஒரு அடி சேர்த்தாள். அவள் பாடும்போது மற்றவர்கள் கை தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். யாரும் அழவில்லை. உன் மெட்டு அது, ரத்தினம். ரொம்ப நல்ல மெட்டு. அத்தனையையும் தாங்குகிறது.

ஆஸ்திரேலியாவுக்குப் போய் எதைப் பாட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கேட்கிறவன் இல்லை நீ. குளிர் இருக்குமாம், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ. அங்கே உள்ள ஜனங்களும் நம்மைப் போலத்தான், அவர்கள் அம்மாக்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு பாடு. நேற்றுக் கல்பனா வந்திருந்தாள். "பெரியம்மா, காலேஜ் விழாவுல இந்தப் பாட்ட நாங்க மேடையேத்தப் போறோம், எங்க வார்த்தையோட. அண்ணன்கிட்ட கேக்கணுமா?" என்றாள். கேட்க வேண்டாம், பாடுங்கள், நான் அவனிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சொல்லிவிட்டேன்.

அம்மா